உகாண்டா வீடுகளில் தொடங்கிய குழந்தை உளவியல்

குழந்தை வளர்ப்பு பற்றிய எந்த யூட்யூப் வீடியோவைத் திறந்தாலும் ‘செக்யூர் அட்டாச்மென்ட்’ (உறுதியான பிணைப்பு), ‘அவாய்டன்ட் அட்டாச்மென்ட்’ (விலகி நிற்கும் பிணைப்பு) என்ற பேச்சு வந்துவிடுகிறது. சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நீங்கள் எந்த வகை என்று சொல்லிவிடும் இணையச் சோதனைகளும் ஏராளம். பிள்ளையை முதல் நாள் ப்ளே ஸ்கூலில் விட்டுவிட்டு வந்த அம்மா, அவன் கதறியதை நினைத்து, ‘எங்களுக்குள்ள பிணைப்பு சரியா அமையலையோ’ என்று கலங்கும் அளவுக்கு இந்தச் சொற்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன.

அந்தக் கலக்கத்துக்கு மூல ஆய்வில் இடமே இல்லை. இந்த வகைப்பாட்டை உருவாக்கிய உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த், பிரியும்போது குழந்தை அழுகிறதா இல்லையா என்பதை வைத்து யாரையும் வகைப்படுத்தவில்லை. அவருக்கு முக்கியமாகப் பட்டது அம்மா திரும்பி வரும் கணம். அதைவிட முக்கியம், அந்தக் கணத்தைப் படிக்க அவர் கற்றுக்கொண்டது சோதனைக்கூடத்தில் இல்லை என்பது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவைச் சுற்றியிருந்த கிராமத்து வீடுகளின் முன்னறைகளில், மணிக்கணக்காக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் அமைத்த சோதனை உலகப் புகழ் பெற்றுவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த அந்தப் பொறுமையான பார்வை பெரும்பாலும் மறந்துபோய்விட்டது. எனக்கு அந்தப் பார்வைதான் பெரிதாகத் தெரிகிறது.

எய்ன்ஸ்வொர்த் 1913-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, கனடாவின் டொரான்டோவில் வளர்ந்தவர். டொரான்டோ பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆசிரியர் வில்லியம் பிளாட்ஸ், பெற்றோரை நம்பியிருக்க முடிகிற குழந்தைதான் துணிந்து வெளியே போய்ப் புதியதைக் கற்றுக்கொள்ளும் என்ற கருத்தை வளர்த்துவந்தார். அதை ஒட்டியே எய்ன்ஸ்வொர்த் 1939-ல் முனைவர் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் கனடா ராணுவத்தின் பெண்கள் படையில் சேர்ந்து மேஜர் பதவி வரை உயர்ந்தார். 1950-ல் திருமணமானதும் கணவரோடு லண்டனுக்குப் போனவர், பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து டாவிஸ்டாக் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் சேர்ந்தது மனநல மருத்துவர் ஜான் போல்பியின் ஆய்வுக் குழு.

அன்றைய லண்டன் மருத்துவமனைகளில் சின்னக் குழந்தையைச் சேர்த்தால், பெற்றோர் கூடவே தங்க முடியாது. பார்க்க அனுமதிக்கும் நேரமும் மிகக் குறைவு. முதலில் அழுது தீர்க்கும் குழந்தை சில நாட்களில் சோர்ந்து, பிறகு அமைதியாகிவிடும். ‘பழகிவிட்டது’ என்பார்கள் ஊழியர்கள். போல்பியின் குழுவில் இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் வார்டிலேயே உட்கார்ந்து பார்த்து எழுதிய குறிப்புகள் வேறு கதை சொல்லின: அந்த அமைதி பழக்கம் இல்லை, நம்பிக்கை இழப்பு. இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு நாள் மருத்துவமனையில் கழித்ததை 1952-ல் அவர் படமாகவும் எடுத்துக் காட்டினார். மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் 1959-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று குழந்தைகள் வார்டில் அம்மா கூடவே இருப்பது நமக்கு இயல்பாகத் தெரிகிறது என்றால், அதற்குப் பின்னால் இந்தக் குறிப்புகளும் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து ஆராயும் வேலையில் எய்ன்ஸ்வொர்த்துக்கும் பங்கு இருந்தது. என்றைக்காவது சொந்தமாக ஆய்வு செய்தால் இப்படித்தான், நேரில் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதிச் செய்ய வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

அந்த வாய்ப்பு 1954-ல் வந்தது. கணவருக்குக் கம்பாலாவில் வேலை. எய்ன்ஸ்வொர்த்தும் அங்கிருந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக ஆய்வு நிறுவனத்தின் உதவியோடு ஆய்வைத் தொடங்கினார். பால் மறக்கடிக்கும்போது குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் அங்கு வாழும் கண்டா இன மக்களிடம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். பிரிவு குழந்தையை என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தார். போய்ப் பார்த்தால் அந்த வழக்கத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் கைவிட்டிருந்தன. சரி, பிரிவைப் படிக்க முடியாவிட்டால், பாசம் எப்படி உண்டாகிறது என்பதைப் படிப்போம் என்று திட்டத்தையே மாற்றினார்.

26 தாய்மார்கள், 28 குழந்தைகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கேட்டி கிபூக்கா என்ற பெண் மொழிபெயர்த்து உதவினார். பதிலுக்குத் தாய்மார்களைக் காரில் கிளினிக்குக்கு அழைத்துப்போவது, பால்பவுடர் வாங்கித் தருவது என்று எய்ன்ஸ்வொர்த் உதவினார். அப்படிப் போய்ப்போய் உட்கார்ந்திருந்ததில், அதுவரை யாரும் சீராக எழுதிவைக்காத ஒன்று அவர் கண்ணில் பட்டது. தவழத் தொடங்கிய குழந்தை அம்மாவை விட்டு நகர்ந்து போகும். எதையாவது எடுத்துப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பி அம்மாவைப் பார்க்கும், அல்லது வந்து மடியைத் தொட்டுவிட்டு மறுபடி போகும். அம்மா அறையை விட்டு எழுந்து போனால் அந்த விளையாட்டே நின்றுவிடும். பிளாட்ஸ் வகுப்பில் சொன்ன கருத்து இங்கே கண்முன்னால் நடந்தது. அம்மா என்ற பத்திரமான இடம் இருப்பதால்தான் குழந்தைக்கு அவளை விட்டு விலகிப்போகும் துணிச்சல் வருகிறது.

அன்றைய உளவியல் இதற்கு நேர்மாறாகப் பேசிக்கொண்டிருந்தது. பால் கொடுப்பவர் மீது பாசம் வருகிறது, அவ்வளவுதான் என்பது பொதுவான நம்பிக்கை. ஃப்ராய்டின் வழிவந்தவர்களும் சரி, பழக்கத்தால்தான் எல்லாம் என்ற நடத்தையியலாளர்களும் சரி, இந்த இடத்தில் ஒத்துப்போனார்கள். பிணைப்பு என்பது பசிக்கு அப்பாற்பட்ட, பிறவியிலேயே வரும் தேவை என்று போல்பி லண்டனில் எழுதத் தொடங்கியபோது, முதலில் எய்ன்ஸ்வொர்த்துக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. உகாண்டாவில் பார்த்ததுதான் அவரை மாற்றியது. பால் கொடுக்காத அப்பாவிடமும் அண்ணன் அக்காவிடமும் பாட்டியிடமும் குழந்தைகள் ஒட்டிக்கொண்டன. பின்னர் 1964-ல் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் இதையே சொன்னார்கள்: யார் ஊட்டினார்கள் என்பதைவிட, குழந்தை கூப்பிட்டதற்கு யார் செவிசாய்த்தார்கள் என்பதே பிணைப்பைத் தீர்மானித்தது.

28 குழந்தைகளில் 16 பேர் உறுதியான பிணைப்போடு இருப்பதாகவும், 7 பேரிடம் அந்த உறுதி இல்லை என்றும், 5 பேரிடம் பிணைப்பு இன்னும் தெளிவாக உருவாகவில்லை என்றும் எய்ன்ஸ்வொர்த் எழுதினார். உறுதியாக இருந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் என்ன தனியாகத் தெரிந்தது? தன் குழந்தையைப் பற்றி நிறையச் சொல்லத் தெரிந்திருந்தது. எப்போது தூங்கும், எதற்குச் சிரிக்கும், எந்தச் சத்தத்துக்கு மிரளும் என்று கேட்காமலே விவரம் வரும். இந்த ஒரு தகவலுக்காகவே நான் உகாண்டா ஆய்வை அவருடைய மற்ற எல்லா வேலைக்கும் மேலே வைப்பேன். குழந்தையைக் கவனித்துக்கொண்டே இருப்பவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அடுத்தது அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபடி, 1963-ல் அவர் இன்னொரு 26 குடும்பங்களோடு தொடங்கினார். குழந்தை பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு வயது தாண்டும் வரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஆய்வுக் குழுவினர் வீட்டில் இருந்தார்கள். ஒரு குழந்தைக்குக் கிட்டத்தட்ட 72 மணி நேரம். இன்று ஓர் ஆய்வாளர் இப்படி ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டு போனால் பணம் கிடைப்பது சந்தேகம்தான்.

பால்டிமோர் குழந்தைகள் அவருக்கு ஒரு சிக்கலைக் கொடுத்தார்கள். அம்மா அறைக்குள் வருவதும் போவதும் அந்த வீடுகளில் அவர்களுக்குச் சர்வசாதாரணம். அதனால் கண்டா குழந்தைகளைப் போல அம்மா எழுந்தவுடன் அழவில்லை. அப்படியானால் அம்மாவைப் பத்திரமான இடமாகக் கொள்வது கண்டா மக்களுக்கு மட்டும் உரியதா? வீட்டுக்கு வெளியே, பழக்கமில்லாத இடத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தார். பார்பரா விட்டிக்கோடு சேர்ந்து அவர் அமைத்ததுதான் ‘அந்நியச் சூழல்’ சோதனை. வீட்டில் பார்த்தவற்றுக்கு ஒரு துணைக் கருவியாக வந்தது அது. பின்னால் எல்லோரும் கையில் எடுத்துக்கொண்டது அந்தத் துணைக் கருவியை மட்டும்தான்.

சோதனை எளிமையானது. ஒரு சின்ன அறை, நாற்காலிகள், தரையில் பொம்மைகள். சுமார் ஒரு வயதுக் குழந்தையோடு அம்மா உள்ளே வருகிறார். குழந்தை பொம்மைகளிடம் போகிறது. மூன்று நிமிடம் கழித்து முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து உட்கார்ந்து, பேசி, மெல்லக் குழந்தையை நெருங்குகிறார். அப்புறம் அம்மா நைசாக வெளியே போகிறார். மூன்று நிமிடம், குழந்தை ரொம்ப அழுதால் அதற்கும் முன்பே திரும்பிவிடுவார். இரண்டாவது முறை போகும்போது குழந்தை தனியாகவே இருக்கும். முதலில் அந்தப் பெண் வருவார், பிறகு அம்மா. மொத்தம் எட்டுக் கட்டம், இருபது நிமிடத்துக்கு மேல் அதிகம் போகாது. ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒவ்வொரு அசைவையும் குறித்துக்கொள்வார்கள்.

அம்மா கதவைத் திறக்கும்போது பெரும்பாலான குழந்தைகள் நேராக அவரிடம் போகின்றன. அழுதிருந்தால் கையைத் தூக்கும், தோளில் சாயும், கொஞ்ச நேரத்தில் விசும்பல் அடங்கி, இறங்கி மறுபடி பொம்மைக்குப் போய்விடும். இதுதான் உறுதியான பிணைப்பு. அந்த மூன்று நிமிடமும் தொண்டை கிழிய அழுத குழந்தையும் இதில் அடக்கம். இன்னொரு வகைக் குழந்தை (இதுதான் ‘அவாய்டன்ட்’), அம்மா போனதையும் வந்ததையும் கண்டுகொள்ளாதது போலிருக்கும். அவர் தூக்கினால் முகத்தைத் திருப்பி எதையோ பார்க்கும், நெளிந்து இறங்கும். மூன்றாவது வகை ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஆறாது. தூக்கச் சொல்லி அழும், தூக்கினால் உதைக்கும். முதலில் சோதிக்கப்பட்ட 23 பால்டிமோர் குழந்தைகளில் 13 பேர் முதல் வகை, 6 பேர் இரண்டாவது, 4 பேர் மூன்றாவது. எந்த வகையிலும் சேராமல், அம்மாவை நோக்கி வரும்போதே உறைந்து நின்றுவிடும் குழந்தைகளை நான்காவது வகையாக எய்ன்ஸ்வொர்த்தின் மாணவி மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் 1980-களில் சேர்த்தார்கள். வீட்டிலேயே பயத்தைச் சந்திக்கும் குழந்தைகளிடம் இது அதிகம் காணப்பட்டது.

இரண்டாவது வகைதான் பலரை ஏமாற்றும். அழாத, ஒட்டாத, தன்பாட்டில் விளையாடும் குழந்தையைப் பார்த்தால் ‘சமத்து’ என்று சொல்லத் தோன்றும். 1977-ல் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் சோதனை நேரத்தில் குழந்தைகளின் இதயத் துடிப்பையும் பதிவு செய்தார்கள். வெளியே அமைதியாக இருந்த இந்தக் குழந்தைகளின் இதயமும் அழுத குழந்தைகளின் இதயத்தைப் போலவே வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. ராபர்ட்சன் மருத்துவமனை வார்டில் பார்த்த அதே அமைதியின் சின்ன வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்விக்குத்தான் அந்த 72 மணி நேரக் குறிப்புகள் பயன்பட்டன. அவை இல்லாவிட்டால் இருபது நிமிடச் சோதனை வெறும் வேடிக்கை. உறுதியான பிணைப்புள்ள குழந்தைகளின் வீட்டில் அம்மா குழந்தையின் குறிப்பறிந்து நடந்தார். பால் குடிக்கும்போது குழந்தை நிறுத்தினால் காத்திருந்தார். தலையைத் திருப்பினால் போதும் என்று புரிந்துகொண்டார். விளையாட்டில் மூழ்கியிருக்கும் குழந்தையைத் திடீரென்று தூக்கி இடையூறு செய்யவில்லை. இரண்டாவது வகைக் குழந்தைகளின் அம்மாக்கள் குழந்தையைத் தூக்காமல் இல்லை. ஆனால் குழந்தை தானாக வந்து தூக்கச் சொன்ன நேரத்தில் விலக்கினார்கள். தூக்கியபோதும் அதில் கனிவு குறைவாக இருந்தது. மூன்றாவது வகையில், அம்மாவின் பதில் எப்போது வரும், எப்போது வராது என்று குழந்தைக்குத் தெரியவில்லை. குறிப்பறிதல், குழந்தையின் போக்கில் குறுக்கிடாதிருத்தல், ஏற்றுக்கொள்ளுதல், கைக்கெட்டும் தூரத்தில் மனதளவிலும் இருத்தல் என்று நான்கு கோணங்களில் அவர் ஒன்பது படி அளவுகோல்களை அமைத்தார். இன்றும் அவை பயன்படுகின்றன.

இந்தக் குறிப்புகளிலிருந்து 1972-ல் சில்வியா பெல்லும் எய்ன்ஸ்வொர்த்தும் வெளியிட்ட ஒரு முடிவு பெரிய சண்டையைக் கிளப்பியது. முதல் சில மாதங்களில் அழுதவுடன் அம்மா வந்து பார்த்த குழந்தைகள், ஒரு வயதாகும்போது மற்றவர்களைவிடக் குறைவாக அழுதார்கள். கை நீட்டியும் சத்தம் எழுப்பியும் முகத்தைக் காட்டியும் தேவையைச் சொல்லப் பழகியிருந்தார்கள். அழும்போதெல்லாம் தூக்கினால் அழுகை கூடும் என்பதுதானே வழக்கமான அறிவுரை? 1928-லேயே நடத்தையியலாளர் ஜான் வாட்சன், பிள்ளையைக் கட்டி முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்று அமெரிக்கப் பெற்றோருக்குச் சொல்லியிருந்தார். ‘தூக்கித் தூக்கிக் கைச்சூடு பழக்கிட்டா அப்புறம் இறங்காது’ என்று நம் வீடுகளிலும் சொல்கிறவர்கள் உண்டு. நடத்தையியலாளர்கள் பெல், எய்ன்ஸ்வொர்த் கணக்கிட்ட முறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். பின்னாளில் நெதர்லாந்தில் 50 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வில் அதே முடிவு கிடைக்கவுமில்லை. சின்னச் சின்னச் சிணுங்கலுக்கு உடனே ஓடாதிருப்பதால் கெடுதல் இல்லை என்றே அது காட்டியது. ஆகவே ‘உடனே தூக்கினால் அழுகை நிச்சயம் குறையும்’ என்று இந்த ஆய்வை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தூக்குவதால் குழந்தை கெட்டுப்போகும் என்பதற்கு இவற்றில் எதிலுமே ஆதாரம் இல்லை.

அடுத்த விமர்சனம் பண்பாடு பற்றியது. ஜப்பானின் சப்போரோவில் இந்தச் சோதனையைச் செய்தபோது இரண்டாவது வகைக் குழந்தை ஒன்றுகூட இல்லை. மூன்றாவது வகை அதிகம். அங்கே ஒரு வயதுக் குழந்தையைத் தனியே விடுவதே அபூர்வம் என்பதால், அந்த மூன்று நிமிடம் அதற்கு அளவுக்கு மீறிய அதிர்ச்சி. ஜெர்மனியின் பீலஃபெல்டில் நேர்மாறாக ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் இரண்டாவது வகை. சீக்கிரமே சுயமாக இருக்கப் பழக்குவது அங்கே நல்ல வளர்ப்பு. 1988-ல் மரினுஸ் வான் ஐசென்டோர்னும் பீட்டர் க்ரோனென்பெர்கும் எட்டு நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 2,000 குழந்தைகளின் முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எல்லா நாட்டிலும் முதல் வகையே அதிகம். நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு பெரிது. இது எய்ன்ஸ்வொர்த்துக்குச் சாதகமான முடிவுதான். இருந்தாலும் ஹைடி கெல்லர் போன்ற உளவியலாளர்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது: கேமரூனின் ன்சோ மக்களிடம் போல, பல கைகள் சேர்ந்து வளர்க்கும் குழந்தையை, ஒரே ஓர் அம்மாவை மையமாக வைத்த சோதனையால் எவ்வளவு தூரம் படிக்க முடியும்? உகாண்டாவில் பாட்டியையும் அண்ணன் அக்காவையும் நேரில் பார்த்தவர் உருவாக்கிய கோட்பாட்டில், பின்னால் அவர்கள் ஓரத்துக்குப் போய்விட்டார்கள் என்பது எனக்கு வருத்தம்.

அம்மாக்கள் மேல் பழி விழுவது இன்னொரு பெரிய சிக்கல். ஏதாவது ஒன்று என்றால் ‘சின்ன வயதில் அம்மா சரியாகக் கவனிக்கவில்லை’ என்று சொல்லும் வழக்கத்துக்கு இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஆய்வுகளோ அவ்வளவு தூரம் போகவில்லை. அம்மா குறிப்பறிந்து நடப்பதற்கும் குழந்தையின் பிணைப்புக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது மிதமானது என்பதுதான் 1997-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த விடை. வேலைக்குப் போகும் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எடுபடவில்லை. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை 1991 முதல் தொடர்ந்த அரசு ஆய்வு, காப்பகத்தில் விடுவதால் மட்டும் பிணைப்பு கெடுவதில்லை என்று கண்டது. மினசோட்டாவில் வறுமையில் வாழ்ந்த தாய்மார்களின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்த ஸ்ரூஃபின் குழு, ஒரு வயதில் உறுதியான பிணைப்போடு இருந்தவர்கள் பள்ளியில் நண்பர்களோடு எளிதாகப் பழகினார்கள் என்றும், அதே சமயம் வாழ்க்கைச் சூழல் மாறும்போது பிணைப்பும் மாறியது என்றும் காட்டியது. ஒரு வயதில் எழுதப்பட்ட முத்திரை கடைசிவரை அழியாது என்று எண்ணுபவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் படிப்பதில்லை.

பிறவிக் குணம்தான் காரணம், அம்மா என்ன செய்தாலும் சில குழந்தைகள் சிடுசிடுவென்றுதான் இருக்கும் என்று ஜெரோம் கேகன் போன்ற உளவியலாளர்கள் வாதிட்டார்கள். இதற்கு நல்ல பதிலைத் தந்தது நெதர்லாந்தைச் சேர்ந்த டிம்ஃப்னா வான் டென் போம் 1994-ல் வெளியிட்ட ஆய்வு. அவர் வேண்டுமென்றே, பிறந்த சில நாட்களிலேயே எளிதில் எரிச்சலடைபவை என்று அளவிட்ட 100 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். எல்லாம் வருமானம் குறைந்த குடும்பங்கள். பாதிப்பேரின் வீட்டுக்கு, குழந்தைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் ஆவதற்குள், மூன்றே முறை போனார்கள். பெரிய பாடம் எதுவும் நடத்தவில்லை. இந்த அழுகை எதற்காக இருக்கும், இந்தக் குழந்தை எப்படித் தூக்கினால் ஆறுகிறது, அது தலையைத் திருப்பும்போது கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன நடக்கிறது என்று அம்மாவோடு சேர்ந்து பார்த்தார்கள். ஒரு வயதில் சோதித்தபோது, உறுதியான பிணைப்போடு இருந்தவர்களின் பங்கு மற்ற பாதியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். மூன்றரை வயதில் மறுபடி போய்ப் பார்த்தபோதும், அந்த அம்மாக்கள் முன்போலவே பிள்ளையின் குறிப்பறிந்து நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒத்துழைத்து விளையாடினார்கள்.